மழை வரும் பாகம்

இது நடந்து ரொம்பக் காலம் ஆகிவிடவில்லை, நடந்த தெருவும் எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. சாத்தூரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில் ஒரு தீப்பெட்டி ஆபீஸைத் தாண்டி இடது கைப்பக்கம் திரும்பினால், வீட்டுக்கு வீடு பச்சையும் ஊதாவுமாகப் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கி வைத்திருக்கிற காலனி ஒன்று வரும், அதுதான். நம்பாதவர்கள் நேரிலேயே போய்க் கேட்டுக்கொள்ளலாம். பத்து நாளைக்கு ஒருதடவை லாரியில் தண்ணீர் வரும் என்று பேர், அது பன்னிரண்டாகும், பதினாலாகும், வந்த அன்றைக்கும் பாதிக் குடம் நிறைவதற்குள் லாரிக்காரன் ஹாரன் அடித்துவிடுவான். அந்தக் காலனியில்தான் சீனியம்மாள் இருந்தாள், ஐம்பத்து மூன்று வயசு, மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிற வேலை, தனிக்கட்டை, யாரிடமும் சத்தம் போட்டுப் பேசாத பொம்பளை.

அவளுக்கு அந்தத் தெரு கொடுத்திருந்த இன்னொரு வேலையும் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால், டவுன் கொட்டகைக்குப் பிள்ளைகளை ஒரு படத்துக்குக் கூட்டிப்போனதில், படத்தில் ஒரு சின்னப் பிள்ளை தீயில் மாட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பயலுக்கு ஏழு நாள் காய்ச்சல் இறங்காமல் கிடந்ததால், தீப்பெட்டி ஆபீஸில் வரிசையாக உட்கார்ந்து வேலை பார்த்த பொம்பளைகள் எல்லாரும் சேர்ந்து, இனிமேல் எந்தப் படம் வந்தாலும் நம்மில் ஒருத்தி முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும், அப்புறம் பிள்ளைகளை அனுப்பலாம் என்று பேசி வைத்தார்கள். கொட்டகையில் தூங்காதவளும், பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுகிறவளும் யார் என்று தேடியதில் சீனியம்மாள்தான் கிடைத்தாள். அவள் முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து அடிகுழாய்ப் பக்கத்தில் நின்று, போகலாம் என்பாள், போகக் கூடாது என்பாள், சில படத்துக்குக் கண்ணைப் பொத்திக்கொண்டு போகலாம் என்பாள். அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் கேட்கவும் மாட்டார்கள், அவள் ஒருதடவை சொன்னதை மாற்றவும் மாட்டாள். அடிகுழாயில் தண்ணீர் வற்றி, கொட்டகை கல்யாண மண்டபமாக மாறி, எல்லார் கையிலும் போன் வந்து, அவளுடைய அந்த வேலை தானாக நின்றுபோனபோது அவளுக்குப் பெரிய பாரம் இறங்கினது மாதிரி இருந்தது. நானூறு படம் ஊருக்காகப் பார்த்தவள், தனக்கென்று ஒரு படத்தில்கூட உட்கார்ந்து அழுததில்லை. அழுதால் நடுவில் ஏதாவது விட்டுப்போகும் அல்லவா.

அப்படி அவள் பாட்டுக்கு இருந்தபோதுதான், பெங்களூரில் கம்பெனி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பாண்டிச்செல்வம் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். வரும்போது டி.வி.யோடு மாட்டி விளையாடுகிற பெட்டி ஒன்றும், ரெண்டு கையாலும் பிடிக்கிற ரிமோட்டும், ஒரே ஒரு விளையாட்டும் கொண்டுவந்தான். அந்த விளையாட்டு சுடுகிறதோ கார் ஓட்டுகிறதோ இல்லை, முழுக்க ஒரு கதை. ஊர் அழிந்துபோன ஒரு அக்காளும் குட்டித் தம்பியும், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சித்தி வீட்டைத் தேடி நடந்து போகிறார்கள், நாம்தான் அக்காளை நடத்திக்கொண்டு போகவேண்டும். பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். விளையாட்டு வந்த அட்டையில் ஒரு மூலையில் பன்னிரண்டு என்று நம்பர் போட்டிருந்தது.

"இது என்னடே பன்னெண்டு?" என்று கேட்டார் காலனித் தலைவர் தங்கப்பழம் அண்ணாச்சி. "பன்னெண்டு பேரு சேந்து ஆடணுமோ?"

"பன்னெண்டு வயசுக்கு மேலதான் ஆடணுமாம் அண்ணாச்சி."

"எவன் சொன்னான்?"

"பண்ணுன கம்பெனிக்காரன்."

"நம்ம பிள்ளைகளை அவன் பாத்திருக்கானா? எங்கயோ இருந்துக்கிட்டு அவன் என்ன வயசு சொல்றது? நமக்குன்னு ஆள் இருக்குல்லா" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி நேராகச் சீனியம்மாள் வீட்டுக்கு வந்து நின்றார்.

"எனக்கு முடியல அண்ணாச்சி, கண்ணெல்லாம் எரியுது, வேற யாரையாவது பாருங்க" என்று அவள் சொல்லத்தான் செய்தாள். ஆனால் முப்பது வருஷத்துப் பழக்கம் காலில் கட்டின கயிறு மாதிரி, அவள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள். மூன்று மத்தியானம் பாண்டிச்செல்வத்தின் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, அவன் ஆட ஆட அவள் பார்த்தாள். ரத்தம் இல்லை, குடி இல்லை, ஆம்பளை பொம்பளை அசிங்கம் இல்லை. நாலாவது பாகத்தில் மட்டும் ஒரு ஆறு வருகிறது, மழை கொட்டுகிறது, பாலம் உடைந்து தம்பி தண்ணீரில் விழுகிறான், அக்காள் அவன் கையைப் பிடிக்கிறாள். ஆடுகிறவன் ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கும் மட்டும் அவள் பிடித்துக்கொண்டிருப்பாள், விரல் அசந்தால் அவன் போய்விடுவான். பாண்டிச்செல்வம் அரை நிமிஷம் அமுக்கினான்.

"ஏன் விட்டுட்ட?" என்றாள் சீனியம்மாள்.

"எவ்வளவு நேரம் பிடிச்சாலும் போயிருவான் அத்தே. கதை அப்படி. போனாத்தான் அஞ்சாவது பாகம் வரும்."

அப்போது டி.வி. மேஜைமேல் நாலு சொட்டுத் தண்ணீர் கிடந்ததையும், கூரை ஒழுகுகிறது என்று நினைத்து அவன் கைலி நுனியால் துடைத்ததையும், வெளியே மழை பொய்த்த ஐப்பசி மாதத்து வெயில் காய்ந்துகொண்டிருந்ததையும் சீனியம்மாள் பார்த்தாள்தான், ஆனால் படத்தில் வந்ததை மட்டும் சொல்லுவது அவள் வழக்கம் என்பதால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அக்காள் தனியாக நடந்து சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள், கதை முடிந்தது. சாவு வருகிறது, ஆனால் பொய்யாக வரவில்லை, பிள்ளைகளும் என்றைக்காவது தெரிந்துகொள்ளவேண்டியதுதானே என்று நினைத்து, வற்றிப்போன அடிகுழாய்ப் பக்கத்தில் வந்து நின்று, "போகலாம்" என்றாள்.

முதல் நாள் காளீஸ்வரியின் மகள் கனிஷ்கா ஆடினாள். பத்து வயசு, ஒல்லிப் பிள்ளை, முன்பல் ஒன்று விழுந்து பாதி முளைத்திருந்தது. ஆற்றுக்கு வந்து தம்பி கையைப் பிடித்தவள் விடவில்லை. விடவேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. ரெண்டு நிமிஷத்தில் டி.வி.யின் மேல்சட்டத்திலிருந்து தூறல் விழுந்தது, அஞ்சு நிமிஷத்தில் மேஜை நனைந்து தரையில் ஓடியது, பத்து நிமிஷத்தில் முன்னறையில் கணுக்கால் தண்ணீர், சில்லென்று, ஏதோ தெரியாத மரத்து இலை வாசனையோடு. டி.வி. அணையவில்லை, கரண்டும் யாரையும் அடிக்கவில்லை. பக்கத்து வீட்டு மாரிக்கனி எட்டிப் பார்த்தாள், ஓடிப்போய் ரெண்டு குடம் எடுத்துவந்தாள், அவளைப் பார்த்து நாலு பேர், நாலு பேரைப் பார்த்து தெருவே வரிசையில் நின்றது. தம்பி கை நழுவினபோது கனிஷ்கா கேவிக் கேவி அழுதாள், மழை நின்றது, இருபத்தாறு குடம் நிறைந்திருந்தது.

வேறு ஊராக இருந்தால் பேப்பர்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள், சாமி என்று சூடம் கொளுத்தியிருப்பார்கள். இந்தக் காலனி அப்படி இல்லை. தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று கேட்கிற பழக்கம் அவர்களுக்கு எப்போதோ போய்விட்டது, நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்பதுதான் அங்கே கேள்வி. அன்றைக்குச் சாயங்காலமே நாலு வீட்டில் அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பை வேகவைத்தார்கள். பருப்பு பூப்போல மலர்ந்து வெந்தது. சோப்புப் போட்டார்கள், நுரை பொங்கியது.

"பருப்பு வெந்துருச்சுல்லா, அப்ப நல்ல ஆட்டந்தான்" என்றாள் மாரிக்கனி, அதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆட்டம் பிள்ளைகளுக்கு ஆகுமா ஆகாதா என்கிற பேச்சு அந்தப் பருப்போடு முடிந்துபோனது.

மறுவாரத்துக்குள் எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. பாண்டிச்செல்வம் டி.வி.யைச் சாய்த்து வைத்து, கீழே தகரத்தை வளைத்து, பாதியாகப் பிளந்த பைப்பை ஜன்னல் வழியாகத் தெருவுக்கு விட்டான். பெரியவர்கள் ஆடிப் பார்த்தார்கள், வெறும் தூறல், ஒரு செம்புக்குக்கூட ஆகவில்லை. பிள்ளைகள் ஆடினால் மழை, அதிலும் கனிஷ்கா ஆடினால் அடைமழை. அவளுக்குத் தினமும் ஒரு அவித்த முட்டை, ஒரு தம்ளர் பால். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளை ஆற்றங்கரையில் நிறுத்துவதற்கு வசதியாக, பாண்டிச்செல்வம் விளையாட்டை நேராக நாலாவது பாகத்திலேயே திறந்து வைத்திருப்பான். முந்தின பாகமெல்லாம் எதற்கு, அதில் வெயில்தானே அடிக்கிறது.

"அக்கா, நாலு குடும்பத்துக்குத் தண்ணி ஊத்துது எம் பிள்ள, புண்ணியந்தான?" என்று காளீஸ்வரி சீனியம்மாளிடம் கேட்டாள். அவள் குரலில் பெருமை பாதி இருந்தது, மீதிப் பாதி என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. சீனியம்மாள் வீட்டிலும் ஆறு குடம் நிறைந்து நின்றது.

முதல் வாரம் கனிஷ்கா தினமும் அழுதாள். ரெண்டாவது வாரம் கண் மட்டும் கலங்கியது. மூன்றாவது வாரம் நாற்பது நிமிஷம் பிடித்தாள், அறுபத்திரண்டு குடம், தம்பி போனபின் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு முட்டையைத் தின்னப் போனாள். "பிள்ள தேறிட்டா" என்றார் அண்ணாச்சி. பள்ளிக்கூடத்தில் அவள் கையிலிருந்து பென்சிலை வாங்க டீச்சர் ஒவ்வொரு விரலாகப் பிரிக்கவேண்டியிருந்தது என்று வேறொரு பிள்ளை வந்து சொன்னதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

ஒருநாள் காலையில் ரேஷன் கடைக்குப் போகிற வழியில், மெயின் ரோட்டு ஓரத்தில் கனிஷ்கா நிற்பதைச் சீனியம்மாள் பார்த்தாள். பக்கத்தில் அவளுடைய சொந்தத் தம்பி, ரெண்டரை வயசு, அக்காளின் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். காளீஸ்வரி கடைக்குள்ளிருந்து, "ஏய் கனி, அவன் கையப் பிடிச்சுக்கோ, வண்டி வருது" என்று கத்தினாள். கனிஷ்கா ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவன் ரோட்டை நோக்கி ஒரு அடி வைத்தான், ரெண்டு அடி வைத்தான், சீனியம்மாள் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவனைத் தூக்கினாள். மணல் லாரி ஒன்று அவள் சேலையை அடித்துக்கொண்டு போனது.

"ஏன்டா தங்கம் கையப் பிடிக்கல?" என்று கனிஷ்காவிடம் கேட்டாள், கோபமில்லாமல்.

கனிஷ்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "பிடிச்சாப் போயிருவான் பெரியம்மா" என்றாள். "நான் பிடிக்கலன்னா போகமாட்டான்."

அதைச் சொன்னபோது அந்தப் பிள்ளை முகத்தில் பயமில்லை, அழுகையில்லை. வேலை முடித்துத் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வெளியே வருகிற பொம்பளைகளின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, அந்த முகம் சீனியம்மாளுக்கு நன்றாகத் தெரியும். ரேஷன் அரிசியை வாங்காமலே திரும்பி நடந்தாள். சினிமா எத்தனை தடவை பார்த்தாலும் ஒன்றுதான், ஒருதடவை பார்த்தால் முழுசும் பார்த்தமாதிரிதான் என்று அவள் நம்பியிருந்தாள், விளையாட்டையும் அப்படித்தான் என்று எண்ணி ஒரேதடவை பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தாள். கதையில் ஒரே இடத்தில் ஒரு பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலனிக்கூட்டம் போட்டார்கள். லாரியை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்பதுதான் அன்றைய பேச்சு. சீனியம்மாள் எழுந்தாள்.

"நான் சொன்ன சொல்ல வாபஸ் வாங்குறேன் அண்ணாச்சி. பிள்ளைக ஆடக் கூடாது."

மாரிக்கனிதான் முதலில் ஆரம்பித்தாள். "முப்பது வருஷத்துல மாத்தாதவ இப்ப மாத்துற. ஏன், உங் குடம் நெறஞ்சிருச்சாக்கும்?"

"நெறஞ்சிருக்கு. அந்தத் தண்ணியிலதான் நேத்தும் குளிச்சேன். அதான் சொல்றேன்."

"ஆட்டத்துல தப்பு இருக்கா தங்கச்சி?" என்று அண்ணாச்சி கேட்டார். "ரத்தம் இருக்கா, அசிங்கம் இருக்கா? இல்லன்னு நீதான சொன்ன."

"ஒரு தப்பும் இல்ல. நல்ல கதை. நான் பாத்த நானூறுல இதவிட நல்லது அஞ்சோ ஆறோதான் இருக்கும். சினிமால ஒரு பிள்ள செத்தா, நம்ம பிள்ள அழும், படம் விடும், வெளிய வந்தா வெயிலடிக்கும், ஒருத்தன் முறுக்கு வித்துக்கிட்டிருப்பான், அதப் பாத்து அழுகை நின்னுரும். இங்க அழுது முடிக்கவும் நாம விடல, முறுக்கு திங்கவும் விடல, மறுநாளும் அதே ஆத்தங்கரைல கொண்டுபோய் நிறுத்துறோம். அந்த ஆட்டம் பிள்ளைகளுக்கு ஆகும் அண்ணாச்சி. நமக்குத்தான் ஆகல."

"அப்ப தண்ணிக்கு?"

அவள் ரொம்ப அசந்துபோயிருந்தாள். "தண்ணி வேணும்னா பிடிக்கிறது நாம பிடிப்போம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் கசகசவென்று ஆனது. தூறலை வைத்து என்ன செய்ய என்றார்கள், ஒரு பிள்ளைக்காக நூறு வீடு காயணுமா என்றார்கள், பிள்ளை பெத்தவளே சும்மா இருக்கா, இவளுக்கென்ன என்றும் ஒரு குரல் வந்தது. அது கேட்டதும் காளீஸ்வரி எழுந்தாள். மகனை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். "பெத்தவ சும்மா இல்ல. எம் பிள்ள நாளையிலருந்து வரமாட்டா" என்றாள். இன்னொருத்தி, என் பிள்ளையும் வராது என்றாள், அப்புறம் இன்னொருத்தி.

அப்படித்தான் பெரியவர்கள் முறை வைத்தார்கள், வீட்டுக்கு ஒருத்தர், ஆளுக்கு ஒரு மணி நேரம். முதலில் அண்ணாச்சி உட்கார்ந்தார். ரெண்டு நிமிஷம் பிடித்தார், பட்டனை விட்டார், ஒன்றரைக் குடம். "எப்படியும் போகத்தான போறான்" என்றார். மாரிக்கனி உட்கார்ந்தாள், மூன்று நிமிஷம், ரெண்டு குடம், "எப்படியும் போகத்தான போறான்" என்று அவளும் சொன்னாள். யார் உட்கார்ந்தாலும் அதையேதான் சொன்னார்கள், சொன்னதும் விரல் தானாகத் தளர்ந்தது. லாரி பதினாலு நாளைக்கு ஒருதடவை வந்தது. தெருவில் சீனியம்மாளைப் பார்த்தால் சிலர் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் போனார்கள், அவளும் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

அவள் முறை ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. காலையிலிருந்து குச்சி அடுக்கிவிட்டு நேராக அங்கேதான் வந்தாள், சாப்பிடக்கூட இல்லை. ரிமோட்டை மடியில் வைத்து, பாண்டிச்செல்வம் காட்டின பட்டனில் கட்டைவிரலை வைத்தாள். ஆறு வந்தது, பாலம் உடைந்தது, கை வந்து கையைப் பற்றியது. மழை மற்றவர்களுக்கு விழுந்த மாதிரியே அவளுக்கும் சொட்டுச்சொட்டாகத்தான் விழுந்தது, ஏனென்றால் அவளுக்கும் கதை தெரியும், மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும்.

மூன்று நிமிஷம் ஆனது. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் விடுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது, விரலைத் தூக்கவேண்டும், எழுந்திருக்கவேண்டும், ஒன்றரைக் குடந்தானா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும், இதற்கெல்லாம் அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. அதனால் அவள் பாட்டுக்கு அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதைக் கவனிக்கவேண்டும், எதைப் போய்ச் சொல்லவேண்டும் என்கிற நினைப்பும் அந்த அசதியில் போய்விட்டது. தம்பியின் முகம் முகமாகத் தெரிந்தது. அவன் நெற்றியில் ஒரு சின்னத் தழும்பு இருந்ததை மூன்று மத்தியானமும் பார்த்தும் அவள் பார்த்திருக்கவில்லை. எங்கே விழுந்தானோ, யார் மஞ்சள் வைத்துக் கட்டினார்களோ. அவளுக்குத் தெரியாமலே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைப்பதற்குக் கை ஒழிவில்லை.

தகரத்தில் சத்தம் மாறியது. "அத்தே, பிடிங்க, விட்டுராதீங்க" என்று பாண்டிச்செல்வம் ஜன்னலைத் திறந்துவிட்டான். பைப்பு வாய் நிறைந்து தெருவில் கொட்டியது. குடம் வந்தது, அண்டா வந்தது, காளீஸ்வரி தன் வீட்டுக் குடத்தை வைப்பதற்கு முன்னால் சீனியம்மாள் வீட்டுக் குடத்தை எடுத்துவந்து வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் வரிசையில் நின்றார்கள், அடுத்தது என் முறை, எப்படிப் பிடிக்கிறது என்று சொல்லேன் சீனி என்று ஒருத்தி உள்ளே குனிந்து கேட்டாள். சொல்லுவதற்கு அதில் வித்தை ஒன்றும் இல்லை.

மிஞ்சின தண்ணீர் தெருவில் ஓடி மண்ணை ஈரமாக்கி வைத்திருந்தது. பிள்ளைகள் ஈர மண்ணில் குச்சியால் கட்டம் கிழித்து நொண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அமுக்க ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாரிக்கனி வாசலில் நின்று கத்தினாள். "ஏய் கனி! இங்க வந்து பாருட்டி, உங்க பெரியம்மா உன்னைய மிஞ்சிட்டா! கை அசந்துபோச்சு பாவம், கொஞ்ச நேரம் வந்து மாத்திவிடு!"

சீனியம்மாளால் திரும்பிப் பார்க்க முடியாது, திரும்பினால் விரல் அசையும். காதை மட்டும் வாசல் பக்கம் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்னால வர முடியாது அத்தே!" என்று கனிஷ்காவின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டே வந்தது. "இன்னும் ரெண்டு கட்டம் இருக்கு! கால ஊணுனா அவுட்டு!"

"ஊணிட்டா, ஊணிட்டா, நான் பாத்தேன்" என்று இன்னொரு பிள்ளை கத்தியது. "பொய் சொல்லாதடி!" என்று கனிஷ்கா கத்தினாள், ரெண்டும் சண்டை பிடித்துக்கொண்டன.

சீனியம்மாள் மரத்துப்போன கட்டைவிரல்மேல் இன்னொரு கட்டைவிரலையும் வைத்து அமுக்கினாள். அடுத்த குடத்தை வைக்கச் சொன்னாள்.